சாம்பல் தூவிய கொல்லை

நாங்கள் குடிபோன அன்றே வீட்டுக்காரம்மா எங்கள் மூட்டைகளைக் கட்டியிருந்த சணல் கயிறுகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். நான் சமையலறையில் பாத்திரங்களை அடுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கூடத்தில் ஒரு துண்டுக் கயிறு இல்லை. பழைய செய்தித்தாள் இல்லை. கண்ணாடிச் சாமான் உடையாமலிருக்கப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்த வைக்கோல்கூட இல்லை. வந்த முதல் நாளே கைவைக்கிற ஆளாக இருக்கிறாரே, இந்த வீட்டில் எப்படிக் காலம் தள்ளப்போகிறோம் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. சாயங்காலம் கொல்லைப்பக்கம் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் வைக்கோல் கத்தரிச் செடிகளின் காலடியில் பரப்பிக் கிடந்தது. எங்கள் சணல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரைக்கொடி பந்தலுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"ஒனக்கு வேணுமாம்மா? அவுத்துக் குடுத்துடட்டா?" என்று கேட்டார்.

கொடி ஏறிய கயிற்றை யாராவது அவிழ்க்கச் சொல்வார்களா? வேண்டாங்கக்கா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

எனக்குப் பயப்படுவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. பிறவிக்குணம். "தபால்காரர் மணியடிச்சா, யாரு செத்துட்டாங்கன்னு கேக்குற ஆளு" என்று என் வீட்டுக்காரர் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு விவசாய இலாகாவில் வேலை. திருநள்ளாறு பக்கத்திலிருந்து காரைக்காலுக்கு மாற்றலாகி வந்திருந்தோம். எழுபதுகளின் கடைசி. டவுனிலிருந்து காரைக்கால்மேட்டுக்குப் போகிற வழியில் ஒரு ஓட்டு வீடு. முன்பாதியில் நாங்கள், பின்பாதியில் அந்த அம்மாள். பின்னால் நீளமாக ஒரு கொல்லை. கொல்லையின் ஒரு முனையில் கிணறு, மறு முனையில் பூட்டிக் கிடந்த ஒரு கீற்றுக் கொட்டகை. எங்கள் மகள் வாணிக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது.

அந்த அம்மாளுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. உயரமாக, ஒடிசலாக, எப்போதும் புடவையை இடுப்பில் தூக்கிச் செருகியபடி இருப்பார். கணவர் இறந்துபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரே மகளைக் கும்பகோணத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அவருக்குச் சாமி, கோயில், சினிமா, ஊர்வம்பு எதிலும் பெரிய நாட்டம் கிடையாது. உலகத்தில் எதுவும் வீணாகக் கூடாது. அவ்வளவுதான் அவர்.

தினமும் காலையில் எனாமல் பேசின் ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் பின்வாசலில் வந்து நிற்பார். காய்கறித் தோல், டீத்தூள் சக்கை, முட்டை ஓடு, வாணி கடித்துப் போட்ட வாழைப்பழம் எல்லாம் அந்த பேசினுக்குப் போயாக வேண்டும். மீன் கழுவிய தண்ணீரை வாசலில் ஊற்றினால் பிடித்துக்கொள்வார். "அவரைக்குப் போட்டா காய்ச்சித் தள்ளும். தார் ரோட்டுக்கு எதுக்கும்மா மீன் தண்ணி?" என்பார். அதுகூடப் பரவாயில்லை. பேசினில் விழுகிற தோலை விரலால் கிளறிப் பார்ப்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

"வாணிம்மா, நீ தோலச் சீவுறியா, காயச் சீவுறியா?"

என் மாமியார்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அந்த அம்மாள் வருகிற சத்தம் கேட்டாலே சீவிய தோலை நானே ஒரு தடவை தூக்கிப் பார்த்துக்கொள்வேன். தோலைக் காகிதம் போலச் சீவக் கற்றுக்கொண்டது அந்த வீட்டில்தான்.

ஆனால் கொல்லையைப் பார்க்க வேண்டுமே. முதல் வருஷம் அது ஒரு அதிசயம். உப்புக்காற்று அடிக்கிற மணல் பூமி அது. அதில் கத்தரி, வெண்டை, முள்ளங்கி, புடலை, முளைக்கீரை, தண்டுக்கீரை என்று எதைப் போட்டாலும் வந்தது. தெருவிலுள்ள அத்தனை வீட்டுக் குப்பையும் அங்கே போய் மண்ணாகியிருந்தது. கொல்லையில் விளைந்ததை அவர் விற்கமாட்டார். காலையில் பேசினோடு வருகிறபோதே இன்னொரு கையில் எங்களுக்கு ஒரு கட்டுக் கீரையோ, நாலு காயோ இருக்கும். தோலை எடுத்துக்கொள்வார், காயைக் கொடுப்பார். வாணி காலை எழுந்ததும் அவரிடம் ஓடிவிடுவாள். "பெரிம்மா, பெரிம்மா" என்று அவர் முந்தானையைப் பிடித்தபடி பாத்திக்குப் பாத்தி நடப்பாள். பிஞ்சு வெண்டைக்காயைப் பறித்துப் பச்சையாகவே கடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் மண்ணாக வந்து நிற்பாள். எனக்குப் பாம்பு பயம், கிணற்று பயம், பூரான் பயம். மண்ணைக் கண்டு மட்டும் பயந்ததில்லை.

அடுத்த வருஷம் அந்தக் கீற்றுக் கொட்டகைக்கு ஆள் வந்தார்.

காரைக்கால்மேட்டுக்காரர். கட்டுமரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்ததால் கடலுக்குப் போவதை விட்டிருந்தார். வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு வார்க்கிற வேலையை எடுத்துக்கொண்டார். வலையின் அடிக்கயிற்றில் ஈயம் கோத்தால்தான் வலை நேராக இறங்கும். நைலான் வலை வந்த பிறகு குண்டுக்கு நல்ல கிராக்கி. காரைக்கால்மேடு, கருக்களாச்சேரி ஆட்களெல்லாம் அவரைத் தேடி வருவார்கள். லாரிப் பட்டறைகளில் கழித்துப்போட்ட பேட்டரிகளை வாங்கி வந்து சுத்தியால் உடைத்து, உள்ளே இருக்கிற தகடுகளை இரும்புச் சட்டியில் போட்டு விறகடுப்பில் உருக்குவார். மேலே மிதக்கிற கசடைக் கரண்டியால் வழித்து அடுப்போரத்திலேயே தட்டிவிட்டு, அடியில் இருக்கிற ஈயத்தை அச்சில் ஊற்றுவார். சாதுவான மனிதர். கொட்டகை வாசலில் உட்கார்ந்து பீடி குடித்தபடி தானுண்டு தன் வேலையுண்டு என்றிருப்பார். அந்தப் புகை மட்டும் தொண்டையில் இனிப்பாக வந்து ஒட்டும். நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். "நீ சாத்தாத ஜன்னல் ஊர்ல உண்டா?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

வீட்டுக்காரம்மாவின் கண்ணில் பட்டது புகை இல்லை, சாம்பல்.

செடிக்குச் சாம்பல் தூவுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அவரையில் அசுவினி ஒட்டினாலும், கத்தரி இலையைப் பூச்சி அரித்தாலும், காலையில் பனி காய்வதற்குள் அடுப்புச் சாம்பலை இலைமேல் தூவிவிட்டால் பூச்சி ஓடிவிடும். அதுவே செடிக்கு உரமும் ஆகும். ஆனால் அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்துவிட்டது. நானும் ஸ்டவ், அந்த அம்மாளும் ஸ்டவ். சாம்பலுக்குத் தெருவே பஞ்சப்பட்டது. இந்த நேரத்தில் கொட்டகை வாசலில் தினமும் கூடை கூடையாகச் சாம்பல் குவிந்தால் அவர் சும்மா இருப்பாரா?

"இம்புட்டு சாம்பலு சீந்துவாரில்லாமக் கெடக்குதே! நான் அள்ளிக்கட்டா?" என்று கேட்டார்.

"தாராளமா அள்ளிக்கங்க. எனக்கும் கொட்ட எடமில்ல" என்றார் ஈயக்காரர்.

அவ்வளவுதான் பேச்சு. மறுநாளிலிருந்து அந்த அம்மாள் சல்லடையோடு கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டார். கரியையும் கட்டியையும் நீக்கி, மாவு மாதிரி சலித்து, டின்களில் நிரப்பி வைத்தார். விடியற்காலையில் பாத்தி பாத்தியாகத் தூவினார். வாணியும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அள்ளிக்கொண்டு அவர் பின்னாலேயே தூவினாள். பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள் என்று எனக்கும் ஒரு டின் கொடுத்தார். தேய்த்தால் கையில் கருகருவென்று பென்சில் பூசியது போல ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. நான் அந்த டின்னை அப்படியே மூலையில் வைத்துவிட்டேன்.

முதலில் கீரைதான் சொன்னது. முளைக்கீரை விதைத்தால் பச்சைத் துணி விரித்த மாதிரி முளைக்கும். இந்த முறை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாகத் திட்டுத் திட்டாக முளைத்தது. வந்ததும் விரல் உயரத்தில் நின்றுவிட்டது. முள்ளங்கியைப் பிடுங்கினால் எலிவால் மாதிரி வந்தது. வெண்டை முழங்கால் உயரத்திலேயே பூத்து, பூவை உதிர்த்தது. கத்தரி இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க நடுவெல்லாம் வெளுத்துக்கொண்டு வந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கிணற்றடிப் பாத்தியில் செடிகள் ஆள் உயரத்துக்கு நிற்கும். கொட்டகையை நோக்கிப் போகப்போகக் குட்டையாகிக்கொண்டே போகும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உயரப்படி நிறுத்தி வைத்தது போல. எனக்கு அந்த வரிசையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அரிசி களைகிறபோதும் கண் அங்கேயே போகும்.

"என்னங்க, அந்தக் கொல்லைய ஒரு எட்டு பாருங்களேன்" என்றேன்.

இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "வெண்டைக்கு மஞ்ச நோவு. வெள்ளை ஈ பரப்புறது. எல்லா ஊர்லயும் இருக்கு."

"அப்ப கீரைக்கு?"

"அது வெத சரியில்லாம இருக்கும்."

"முள்ளங்கிக்கு?"

"நான் நெல்லுக்காரன். என்னைய முள்ளங்கி கேள்வியெல்லாம் கேக்காத" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த அம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. பூச்சிதான் என்று முடிவு கட்டிவிட்டார். பூச்சி என்றால் சாம்பல். செடி சுணங்கச் சுணங்க சாம்பல் கூடியது. சூம்பிப்போன செடியையும் அவர் பிடுங்கி எறியவில்லை. பொடிசாக இருந்த கீரையையெல்லாம் பொறுமையாக ஆய்ந்து, கட்டுக் கட்டி, எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார்.

"சின்னதா இருக்கேன்னு பாக்காத. இதுலதான் சத்து ஒறஞ்சிருக்கும். பாப்பாவுக்குப் பருப்புப் போட்டுக் கடைஞ்சு குடு."

கடைந்து கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது? எங்கள் குடும்பத்திலேயே யாரும் என் பிள்ளைக்கு அத்தனை பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

அந்த மழைக்காலத்தில் வாணிக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. விளையாடிக்கொண்டிருக்கிறவள் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். நாள்கணக்கில் வெளிக்குப் போகமாட்டாள். முகம் வெளுத்துவிட்டது. எதைச் சொன்னாலும் அழுகை, சோற்றைக் கண்டால் அழுகை. பூச்சி மருந்து கொடுத்தோம். திருஷ்டி கழித்தோம். வீட்டுக்காரம்மாவே அவளைத் தூக்கிக்கொண்டு போய், பள்ளிவாசல் வாசலில் மற்றப் பிள்ளைக்காரிகளோடு நின்று, தொழுகை முடிந்து வருகிறவர்களிடம் ஓதி ஊதி வாங்கி வந்தார். ஒரு வாரம் நன்றாக இருப்பாள், பிறகு மறுபடியும். நான் ராத்திரியெல்லாம் அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே படுத்திருப்பேன். இந்தப் பிள்ளை நமக்குத் தங்காது என்று மனசுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். வெளியில் சொன்னால் பலித்துவிடுமோ என்று வாயைத் திறக்கமாட்டேன்.

அப்போதுதான் அந்தக் கீரைமேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது. ஆதாரம் என்று ஒன்றும் கிடையாது. வளர மாட்டேன் என்கிற செடி, வளர மாட்டேன் என்கிற பிள்ளை. இரண்டையும் ஒரே ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கீரையை வாங்கிக்கொள்வது, சமைக்காமல் விடுவது என்று முடிவு செய்தேன்.

சமைக்காததை எங்கே போடுவது? என் வீட்டுக் குப்பை மொத்தமும்தான் அவர் பேசினுக்குப் போகிறதே. ஒரு நாள் கீரையைத் தோலுக்கு அடியில் ஒளித்துப் போட்டேன். வழக்கம்போல விரலால் கிளறினார். கட்டுப் பிரிக்காத கீரை அப்படியே கைக்கு வந்தது. அதில் ஒட்டியிருந்த தோலை உதறினார்.

"பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார்.

மறந்துபோய்ப் போட்டுவிட்டேன் என்று ஏதோ உளறினேன். மறுநாளும் கீரை வந்தது, இன்னும் நன்றாக ஆய்ந்து. அதற்குப் பிறகு இவர் ஆபீஸ் பையில் கீரைக்கட்டை வைத்து அனுப்பி, வழியில் எங்காவது போட்டுவிடச் சொல்வேன். "கீரை கடத்துறவன்னு ஒரு நாளைக்கு என்னையப் புடிக்கப் போறாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப்போவார். வீட்டைக் காலி பண்ணிவிடலாம் என்று நான் சொன்னதற்கு, கீரைக்குப் பயந்து வீடு மாறிய குடும்பம் என்று ஊரெல்லாம் சிரிக்கும் என்றார். நான் கீரையை நிறுத்தினேனே தவிர, வாணி பாத்தியில் போய் உட்காருவதை நிறுத்த முடியவில்லை.

ஒரு நாள் அவளுக்குக் கையும் காலும் வெட்டி இழுத்தது. ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே இருந்த வயசான டாக்டர் அவள் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ஈறைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்: "வீட்டுப் பக்கத்துல அச்சுக்கூடம், பேட்டரிப் பட்டறை எதுனா இருக்காம்மா?"

"ஈயக்குண்டு ஊத்துறாங்க சார், கொல்லையில."

"பிள்ளை அங்க போவுமா?"

சாம்பல் என்ற சொல் என் வாயிலிருந்து வருவதற்குள் எனக்கே எல்லாம் புரிந்துவிட்டது. சலித்த சாம்பல், தூவிய சாம்பல், சிரட்டையில் அள்ளிய சாம்பல், அது படிந்த கீரை. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் ரத்தம் எடுத்துப் பாண்டிச்சேரிக்கு அனுப்பச் சொன்னார். ஆனால் அதற்காகக் காத்திருக்கவில்லை. "ஈயம் உடம்புல ஏறியிருக்கு. அந்தக் கொல்லையில வெளையற எதையும் கொழந்தைக்குக் குடுக்காதீங்க. அந்த மண்ணுல கால் வைக்க விடாதீங்க" என்றார். ஊசி போட்டு, ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

இவர் அன்றைக்கே வீட்டுக்குப் போய்க் கொல்லையில் இறங்கியிருக்கிறார். கிணற்றடியிலிருந்து ஒரு வெண்டைச் செடி, கொட்டகை ஓரத்திலிருந்து ஒரு வெண்டைச் செடி, இரண்டையும் வேரோடு பிடுங்கி, கழுவி, வீட்டுக்காரம்மாவின் முன்னால் வைத்தாராம். கிணற்றடிச் செடிக்கு வெள்ளையாக, தாடி மாதிரி வேர். மற்றதற்குக் கட்டையாக, பழுப்பாக, நுனி பொசுங்கிய வேர்.

"ஈயம் வேர அடைச்சுடுதுக்கா. மண்ணுல சத்து இருந்தாலும் செடியால எடுத்துக்க முடியல. அதான் வெளுத்துப் போவுது, குட்டையா நிக்குது. கொஞ்சம் ஈயம் இலைக்கும் ஏறுது. மேல தூவுனது வேற அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுதான் பாப்பா வவுத்துக்குள்ள போயிருக்கு."

"ஈயச் செம்புலதானே தம்பி ரசம் வைக்கிறோம்?" என்று கேட்டிருக்கிறார்.

"அது வெள்ளீயங்கக்கா. இது காரீயம், அப்படியே வெஷம்."

அவர் வேரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு, "நானா தம்பி என் கையால போட்டேன்?" என்று கேட்டாராம். டாக்டர் சொன்னதை இவர் அப்படியே சொன்னார். எல்லாச் செடியையும் பிடுங்கிவிடுங்கள், இந்த மண்ணில் இனிமேல் சாப்பிடுகிற எதையும் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். சரி தம்பி என்று தலையாட்டியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் திரும்பியபோது கொட்டகை காலியாக இருந்தது. ஈயக்காரர் கடற்கரைப் பக்கமாக வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். எங்கள் பின்வாசலுக்கும் கொல்லைக்கும் நடுவே முள்வேலி அடைத்திருந்தது. அந்த அம்மாள் அதற்கு அந்தப் பக்கம் நின்றபடி, "பாப்பா எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். வாணி "பெரிம்மா" என்று கையை நீட்டினாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அதிலிருந்து எங்கள் வாசலுக்கு ஒரு காய் வரவில்லை. பேசினும் வரவில்லை. என் வீட்டுத் தோல்களை நானே கொண்டுபோய்த் தெருமுனைத் தொட்டியில் போட்டேன். யாரும் கிளறிப் பார்க்காதது நிம்மதியாகத்தான் இருந்தது. மருந்து பிடித்தது. வாணியை மன்னார்குடியில் என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அங்கே தேறினாள். கன்னத்தில் சதை வைத்தது, வலி நின்றது. ஒவ்வொரு முறை அவளைப் பார்த்துவிட்டு வருகிறபோதும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொல்வேன். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், தலையை ஆட்டுவார், உள்ளே போய்விடுவார். கொல்லையில் ஒரு செடி இல்லை. மண் மொட்டையாகக் கிடந்தது. என்மேல் கோபமாக இருக்கும் என்று நினைத்தேன். வீட்டைக் காலிபண்ணச் சொல்லிவிடுவாரோ என்று வேறு கவலைப்பட்டேன். கவலைக்கா எனக்குப் பஞ்சம்? ஆனால் கவலைப்பட வேண்டியதற்குப் படவில்லை.

கிணற்றடியில்தான் முதலில் கவனித்தேன். வாளியை இழுத்துக்கொண்டே வந்தவர் கையிலிருந்து கயிறு நழுவி வாளி உள்ளே போய்விட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த வாரம் நான் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது, அவர் ஒரு குடத்தைத் தூக்கப் பார்த்தார். கை குடத்தின் கழுத்தைப் பிடித்தது, தூக்க வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். நான் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். கையை நீட்டுங்கள் என்றேன். நீட்டினார். மணிக்கட்டிலிருந்து கை மடங்கித் தொங்கியது. நிமிர்த்தச் சொன்னால் நிமிரவில்லை. ஈறோரத்தில் மை தீட்டியது போல ஒரு கோடு. டாக்டர் வாணியின் வாயைத் திறந்து தேடியது அந்தக் கோட்டைத்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

பிற்பாடு இவர் அவரை அதே டாக்டரிடம் அழைத்துப் போனார். பாண்டிச்சேரியில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். மகள் வந்து கும்பகோணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கை ஓரளவுக்கு நிமிர்ந்துவிட்டது, பூ கட்டுகிற அளவுக்கு விரல் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. எங்களுக்கும் மாற்றல் வந்துவிட்டது. ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்குக் கிணற்றடியிலிருந்து அவரைத் தாங்கிப்பிடித்து உள்ளே கூட்டிப்போனதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

அவர் சமையலறைக்குள் நான் போய் வெகுநாள் ஆகியிருந்தது. உத்தரத்தில் கயிறு கயிறாகக் கத்தரி வற்றல் தொங்கியது. முறங்களில் வெண்டை வற்றல், கொத்தவரை வற்றல். பானைகளில் காய்ந்த கீரை. ஜாடியில் உப்புப் போட்ட முள்ளங்கி, அந்த எலிவால் முள்ளங்கி. ஸ்டவ்வின் மேல் ஒரு குண்டானில் அன்றைக்கு வைத்த வற்றல் குழம்பு, பாதி காலி.

"இதெல்லாம் எந்தக் காய்க்கா?" என்றேன்.

"நம்ம கொல்லதான்."

"புடுங்கிப் போட்டாச்சுன்னுல்ல நெனச்சோம்!"

"புடுங்கிட்டேன். போடல."

"டாக்டர் ஆகாதுன்னாரே!"

"கொழந்தைக்குக் குடுக்காதீங்கன்னுதானேம்மா சொன்னாரு. நான் என்ன கொழந்தையா?"

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அவரைவிட இருபது வயது சின்னவள் நான், குடியிருக்கிறவள். அதெல்லாம் மறந்துபோய்க் கத்தினேன். "அறிவிருக்காக்கா ஒங்களுக்கு? எதையும் வீணாக்க மாட்டேன், வீணாக்க மாட்டேன்னு ஒங்க ஒடம்பையே இப்படி வீணாக்கிட்டு ஒக்காந்திருக்கீங்களே! தூக்கிப் போட்டா என்ன, குடியா முழுகிடும்?"

அவர் சுவரில் சாய்ந்துகொண்டு, தொங்குகிற கையை மற்றக் கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"வீணாப் போவுதேன்னு வச்சுக்கல வாணிம்மா. எங்க போடுறதுன்னுதான் தெரியல. தெருத்தொட்டியில போட்டா மாடு திங்குது. அந்த மாட்டுப் பாலத்தான் இந்தத் தெரு மொத்தமும் கொழந்தைங்களுக்கு வாங்குது. பொதச்சா திரும்ப மண்ணுக்குள்ளதானே போவும்? நாளைக்கு இன்னொருத்தி வந்து அதுல கீரை வெதப்பா. கொளுத்திடலாம்னா சாம்பலால்ல ஆவும். அந்தச் சாம்பல நான் எங்க கொண்டு போயி கொட்டுவேன்? யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். நான் ஒருத்தி. நான் தின்னுட்டா என்னோட முடிஞ்சிடும்ல."

நான் அழவில்லை. அழுவதற்கு நேரமில்லை என்பதுபோல எழுந்து, முறத்திலிருந்த வற்றலையெல்லாம் வாரிக் குண்டானில் போட்டேன். ஜாடியைக் கவிழ்த்தேன். உத்தரத்தில் தொங்கியதை இழுத்து அறுத்து அதன்மேல் திணித்தேன். குண்டானைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தேன். எங்கேயாவது தொலைத்துவிட்டு வந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

நான் போட்ட கூச்சலுக்கு என்னவோ ஏதோவென்று வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கன்றுக்குட்டி தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. மொட்டை மண்ணில் பக்கத்து வீட்டுக் கோழிகள் இரண்டு கிளறிக்கொண்டிருந்தன. ஓரமாக ஓடிய சாக்கடை தெருவைத் தாண்டி வாய்க்காலுக்குப் போனது.

"எங்கம்மா கொட்டப் போற?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

கோழி ஒன்று என் காலடிக்கே வந்து, கழுத்தைச் சாய்த்துக் குண்டானைப் பார்த்தது. நான் குண்டானை இன்னும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.